ஜடைப் படமும் யோசனைக்காரரும்

யோசனைக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. கூப்பிடாமலே வருவார். கோயிலில்கூடச் சும்மா நிற்கமாட்டார். இன்றைக்குச் சந்தனக் காப்பா, விபூதிக் காப்பா என்று குருக்களுக்கே யோசனை சொல்லி, சந்தனம் சாத்தினால் விபூதி சாத்தியிருக்கலாம் என்றும், விபூதி சாத்தினால் சந்தனம்தான் எடுப்பு என்றும் பெருமூச்சு விடுவார். சாமி பொறுத்துக்கொள்கிறார். நமக்கு மட்டும் என்ன?

நெய்வேலிக்குச் சுரங்க வேலைக்காக எல்லா ஜில்லாவிலிருந்தும் ஜனங்கள் வந்தார்களே, அப்போது இவரும் பிளாக்குக்கு ஒருவராக வந்து இறங்கிவிட்டார். எங்கள் பிளாக்குக்கு வாய்த்தவர் வைத்திலிங்கம். மைன்ஸில் நைட் ஷிப்டு முடிந்து வந்தாலும், யார் வீட்டிலாவது இரண்டு பேர் எதையாவது முடிவு செய்கிறார்கள் என்று தெரிந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தனகோட்டியின் மனைவி ருக்குமணிக்கு வளைகாப்பு நடந்தது. சேத்தியாத்தோப்பில் இருக்கும் அவள் அம்மா கால் எலும்பு முறிந்து கிடந்ததால் வரமுடியவில்லை. ஆகவே, தாழம்பூவும் கனகாம்பரமும் வைத்துத் தைத்த ஜடையைப் பூ வாடுவதற்குள் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பவேண்டும் என்று மந்தாரக்குப்பத்து ஹிதாயத்துல்லா பாய் ஸ்டுடியோவுக்குக் கிளம்பினார்கள். யோசனைக்காரரும் கிளம்பினார். விடுவாரா?

பாய் நிலைக்கண்ணாடி முன்னால் ருக்குமணியை நிறுத்தினார். முகம் நேரே தெரியும்; பின்னல் கண்ணாடிக்குள் தெரியும். நிறுத்திவிட்டு ஒரு பேச்சுக்குக் கேட்டார்:

"கலர் போடணுமாங்க, சாதாவா?"

"சாதாவே போதும் பாய்" என்றான் தனகோட்டி.

"இன்னா தம்பி நீ! கனகாம்பரம் கரிக்கட்டையாட்டம் தெரியுமே. கலர் போடச் சொல்லு" என்றார் வைத்திலிங்கம்.

"சரிண்ணே, கலரே இருக்கட்டும்."

"அவசரப்படாதே! என் மச்சினிச்சி படத்துக்குக் கலர் போட்டானுவ. உதட்டுச் செவப்பு மூக்கு வரைக்கும் ஏறிடுச்சு."

"அப்போ சாதாவாண்ணே?"

"அவசரப்படாதேன்னேன்ல!"

எடுப்பது எப்படியும் கருப்பு வெள்ளைதானே, கலர் பிறகு பிரஷ்ஷால் தீட்டுவதுதானே, அதை அப்புறம் பேசிக்கொண்டால் என்ன என்கிறீர்களா? நீங்கள் விவரமானவர். யோசனைக்காரருக்கு அப்புறம் என்பதே கிடையாது.

ருக்குமணி பார்த்தாள். காதோரப் பூ தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

"அண்ணே, பூ வாடிகினு இருக்கு. நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள புள்ளையே பொறந்துடும். பாய், நீங்க எடுங்க!"

பாய் கருப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். பிளேட்டைச் செருகினார். "ஆடாதீங்க" என்று லென்ஸ் மூடியைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து நம்மவர், "நான் இன்னா சொல்றேன்னா..." என்று விரலைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

படம் கைக்கு வந்தது. ருக்குமணி முகம் அம்மன் விக்கிரகம் மாதிரி லட்சணம். கண்ணாடிக்குள் ஜடை ஒரு பூகூடப் பிசகவில்லை. ஜடைக்குப் பக்கத்தில், திறந்த வாயும் தூக்கிய விரலுமாக வைத்திலிங்கம்!

"எங்கம்மா யாருடி இந்த ஆம்பளைன்னு கேக்குமே!" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். மறுபடி எடுக்கலாம் என்றால் ஜடை எங்கே? பூவெல்லாம் என்றைக்கோ குப்பைக்குப் போய்விட்டது.

"அழாதம்மா" என்றார் பாய். "கலர் போட்டா அவரை மறைச்சிடலாம்."

மறைத்தார். தொட்டியோடு ஒரு பச்சைக் குரோட்டன்ஸ் செடி முளைத்தது. விரல் ஓர் இலையாயிற்று. சேத்தியாத்தோப்புக்கு ஒரு படம் போனது. அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். இன்னொன்று தனகோட்டி வீட்டுச் சுவரில், முருகன் படத்துக்குக் கீழே.

யோசனைக்காரர் வந்தார், பார்த்தார்.

"பார்த்தியா தம்பி? நான் அப்பவே கலர்னு சொன்னேன். அதிலயும் அந்தச் செடி இருக்கு பாரு, அதான் படத்துக்கே அழகு!"

"ஆமாண்ணே" என்றாள் ருக்குமணி. "எம்மாம் நேரமா பேசாம நிக்குது பாருங்க."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் அடுத்த தடவை சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் சுவரிலுள்ள கலர்ப் படங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். காரணமில்லாமல் ஓர் ஓரத்தில் தொட்டிச் செடி நிற்கிறதா? அந்தப் படத்தை எடுக்கும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள், ஞாபகம் இருக்கிறதா?