இலவச வக்கீலிடம் பேரம் பேசிய விவரம்

அன்பு மகளுக்கு, பிளாஸ்டிக் கடை அப்பா எழுதுவது.

போன செவ்வாய்க்கிழமை மதியம் என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், சாயங்காலமே விட்டுவிட்டார்கள். மற்றபடி அம்மாவும் கடையும் என் முழங்காலும் நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லலாம்தான், நீ இப்போதெல்லாம் அம்மாவின் போனை மட்டும்தான் எடுக்கிறாய்.

நடந்தது இதுதான். கடை வாசலில் வாளிகளை அடுக்கியிருந்தேன். அது தன் கடையை மறைக்கிறது என்று பக்கத்து மெத்தைக்கடைக்காரர் சண்டைக்கு வந்தார். நான் கொஞ்சம் சத்தமாகப் பேசினேன், என்னுடைய கொஞ்சம் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். அவரும் கத்திக்கொண்டே பின்னால் நகர்ந்து தன் ஏணியிலேயே இடித்தார். ஏணி அவர் கடைக் கண்ணாடி மேலேயே சாய்ந்தது. என் கை அவர் மேலும் படவில்லை, ஏணி மேலும் படவில்லை. ஆனால் ஸ்டேஷனில் ஏட்டையா, "அடிச்சது ஒண்ணு, கண்ணாடிய உடைச்சது ஒண்ணு, எங்க வேலைக்குக் குறுக்க நின்னது ஒண்ணு, ஆக மூணு கேஸு" என்றார். ஒருவர் மூணு என்று சொன்னால் எனக்குச் சும்மா இருக்க வருமா? "மூணெல்லாம் கட்டாதுங்க, ஒண்ணு போட்டுக்குங்க" என்றேன். முடியாது என்றார். வேண்டாம் என்று எழுந்து போவது போல நடித்தேன். அந்த வித்தை ஸ்டேஷனில் எடுபடாது என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் இரண்டுக்குப் படிந்தது. ஒன்றைக் குறைத்த பெருமையில், எழுதியிருந்ததைப் படிக்காமலே கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன்.

அப்போது மூச்சிரைக்க ஒரு வக்கீலம்மா வந்தார். உன் வயதுதான் இருக்கும். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "ஐயா, பேரம் பேசிட்டீங்களா?" என்றார். என் நெற்றியில் எழுதி ஒட்டியிருந்ததோ என்னவோ. பேனாவை வாங்கி மூடினார். அரசாங்கம் சட்டத்தை மாற்றியிருக்கிறதாம். முன்பெல்லாம் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் இலவச வக்கீல், அவருக்கும் கேஸுக்கு இவ்வளவு என்று கூலி. இப்போது மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்து, பிடித்துக்கொண்டு வந்த உடனே ஸ்டேஷனுக்கே அனுப்புகிறார்களாம். நீ சேரப்போகிறேன் என்று சாப்பாட்டு மேஜையில் சொன்னாயே, "சும்மா வாதாடவா உன்னப் படிக்க வச்சேன்?" என்று நான் தட்டைத் தள்ளினேனே, அதே வேலை.

"உங்க ரேட் என்னம்மா?"

"இலவசம்ங்க."

"நல்ல சரக்க யாரும் சும்மா தர மாட்டாங்க. எனக்கு வேணாம்."

"நீங்க வரி கட்டறீங்கல்ல? அதுலதான் எங்களுக்குச் சம்பளம்."

"அப்ப நான் ஏற்கெனவே பணம் கட்டிட்டேனா?"

"கட்டிட்டீங்க."

"முன்னாடியே சொல்லக் கூடாது? உக்காரும்மா. ஒழுங்கா செஞ்சு குடு."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்க ஒண்ணக் குறைக்கலைங்க. செய்யாத ரெண்ட ஒத்துக்கிட்டீங்க." பாப்பா, இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படி ஏமாந்ததில்லை. அந்தப் பெண் வாளி எங்கே, ஏணி எங்கே, யார் எங்கே நின்றார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு ஏட்டையாவிடம் பேச, அவர் மெத்தைக்கடைக்காரரை வரவழைக்க, அந்த மனுஷன் "ஏணி என்னுதுதாங்க" என்று தலையைச் சொறிந்தார். அத்தோடு முடிந்தது. திரும்பி வரும்போது அவரும் நானும் ஒரே ஆட்டோவில்தான் வந்தோம்.

கிளம்பும்போது ஒன்று பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் மூட்டை தூக்குகிற ஒருவர் சட்டை கிழிந்து உட்கார்ந்திருந்தார்; தேடி வர ஆளில்லை. வக்கீலம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்னிடம் பேசிய அதே குரலில், "சாப்டீங்களாங்க? என்ன நடந்துச்சு, மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். நான் ஆளின் செருப்பைப் பார்த்துக் குரலை எடுக்கிறவன். மொத்தமா வாங்க வர்றவருக்கு ஒரு குரல், ஒத்தக் குவளை வாங்க வர்றவருக்கு ஒரு குரல். அந்தப் பெண்ணிடம் இருந்தது ஒரே குரல். உனக்கும் அப்படித்தான், சின்னதிலிருந்தே. உன்னைக் கடையில் உட்கார வைத்தால் வியாபாரம் படுத்ததும் அதனால்தான். அதனால சொல்றேன், அந்த வேலையில சேர்ந்துக்கோ. நல்லா யோசிச்சு, மனசார அனுமதி தர்றேன். என் கத்தலுக்காக இனி தயங்காதே.

வேளைக்குச் சாப்பிடு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

உன் நல்லதை எப்போதும் சத்தமாகவே நினைக்கும்,
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அந்த வக்கீலம்மாவே கடைக்கு வந்தார், தன் ஆபீசில் காத்திருப்பவர்களுக்கு நாற்காலி வேண்டுமாம். "அன்னைக்கு உங்க பொண்ணுதாங்க போன் பண்ணாங்க. 'எங்கப்பா பேரம் பேசிடுவாரு, ஓடு'ன்னாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்லதானே வேலைக்குச் சேர்ந்தோம், உங்களுக்குத் தெரியாதா?" என்றார். திரும்பிப் பார்த்தேன், உன் அம்மா திடீரென்று கல்லாவில் சில்லறையைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆகவே மேலே கொடுத்த அனுமதியை அடித்துவிடு. டெலிவரி ஆன சரக்குக்கு ஆர்டர் எதற்கு? நாற்காலிகளைச் சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "கட்சிக்காரர்கிட்ட சும்மா வாங்கக் கூடாதுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார். பேசிப் படிந்தது இது: எனக்கு அடக்கமான விலைக்கே தருகிறேன், வண்டிக்கூலி என்னுடையது, ரசீது உண்டு, உன் சார்பில் அவர் ஒப்புக்கொண்டபடி, ஞாயிற்றுக்கிழமைதோறும் என் போனையும் நீ எடுக்க வேண்டும்.