ரயிலை நிறுத்திய மேயரும் பஸ்ஸில் அகப்பட்ட மந்திரியும்

என்றும் பிரியமுள்ள தங்கை கோரலுக்கு, யாரபின் ஊரிலிருந்து அக்கா நெரிடா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். ஹோபார்ட் குளிரில் நீயும் குழந்தைகளும் சௌக்கியமாயிருக்க வேண்டும்.

உன் அத்தான் கிளைவ் சட்டமன்றத் தேர்தலில் தோற்றதும், இருபது வருஷ அரசியல் தொலைந்தது என்று நிம்மதியாயிருந்தேன். மனுஷர் ஒரு மாசம் சமையலறை அலமாரியை மாற்றி மாற்றி அடுக்கினார். உப்பு எங்கேயென்று எனக்கே தெரியாமல் போகவே, மேயர் பதவிக்கு நிற்கச் சொல்லி நானே அனுப்பிவைத்தேன். ஜெயித்தும்விட்டார். முதல் கூட்டத்திலேயே, கண் வைத்தியத்துக்குச் சிட்னி போய்வரும் எல்ஸ்பெத் கிழவி எழுந்து, "மேயரே, எங்க ரயில் எங்கய்யா?" என்றாள். அந்த ரயிலை நிறுத்தச் சட்டமன்றத்தில் கைதூக்கியவரே இவர்தானே! மனுஷர் எழுந்து நின்று, "கொண்டுவந்துடறேன்" என்றார்.

சிட்னிக்குப் போய்ப் போக்குவரத்து மந்திரி டாரெலைப் பார்த்தார். சட்டமன்றத்தில் முன்பு இவருக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவன். விழுந்து விழுந்து சிரிச்சானாம். "நிறுத்தினதே நீங்கதான தலைவரே! வேணும்னா ஒரு பஸ் விடறேன்." பஸ் துவக்கவிழாவுக்கு எங்கள் ஊருக்கு அவனே வந்தான். போட்டோவுக்காக ரெண்டு பேரும் உள்ளே ஏறி உட்கார்ந்தாங்க. டிரைவர் பிரான்வென் மணியைப் பார்த்தா, கதவைச் சாத்தினா, கிளம்பிட்டா! "ஏம்மா, நான் மந்திரி, நிறுத்து!"ன்னு அவன் கத்தினதுக்கு, "நேரத்துக்கு எடுக்கணும்னு உத்தரவு போட்டதே நீங்கதான், உக்காருங்க"ன்னுட்டா. சிட்னிக்கு அஞ்சு மணி நேரப் பயணம். பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. பக்கத்து சீட்டுல எல்ஸ்பெத். "ஆபரேஷன் பண்ணின கண்ணுப்பா, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஊசி குத்தறாப்ல இருக்கு"ன்னு அவ சொன்னப்போ மந்திரி சிரிக்கலையாம். சிட்னியில் இறங்கினதும், "தலைவரே, ரயிலையே விட்டுடறேன்"னான்.

போன வாரம் ரயில் வந்துவிட்டது. பிளாட்பாரத்தில் எல்ஸ்பெத் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்தினதும் நீ, கொண்டுவந்ததும் நீ. உன்னைத் திட்டறதா கொஞ்சறதான்னே தெரியலடா" என்றாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினவர், "போதும் நெரிடா, இனி எந்தத் தேர்தலும் வேண்டாம்" என்றார். ஆக, அரசியல் எங்கள் வாசற்படி தாண்டிப் போய்விட்டது. பதவிக்காலம் முடிந்ததும் ஒரு மாசம் உன்னோடு வந்து தங்கப்போகிறோம்.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். உன் வீட்டுக்காரருக்கு எங்கள் இருவரின் அன்பு.

உன் அக்கா,
நெரிடா

பி.கு.: நாங்கள் வருவதற்கில்லை. அடுத்த மேயராக நான் நிற்க வேண்டும் என்று ஊர்ப் பெண்கள் கேட்டு வந்தார்கள். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது வேறே. என் போஸ்டரை ஒட்ட உன் அத்தான் ஏணியோடு கிளம்பிவிட்டார். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், நீ உடனே புறப்பட்டு வா.