ஒரே டிஸ்க்கில் இரண்டு ஆபீஸ்

செகந்திராபாத்,
9-10-1988

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு, தேவசகாயம் பணிவோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் ராஜமும் பிள்ளைகளும் சுகம். நான் மட்டும் போன மாதம் முப்பதாம் தேதி ஓய்வு பெற்றுவிட்டேன். பதற வேண்டாம், இந்த வியாழக்கிழமை மறுபடியும் வேலையில் சேர்ந்தாயிற்று.

எங்கள் ஃபாக்டரியில் பிரிவுக்கு ஒரு கம்ப்யூட்டர், அவை பட்டியல்களை எழுதி வைக்கிற டிஸ்க் மட்டும் வேறொரு கட்டடத்தில். நடுவில் வயர். எங்கள் பிரிவு ஓய்வு பெறுவோர் பட்டியலையும், குவார்ட்டர்ஸ் பிரிவு வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலையும் அந்த ஒரே டிஸ்க்கில் எழுத வேண்டும் என்று மேனேஜர் சீதாராமன் உத்தரவு போட்டார். கம்ப்யூட்டர் பிரிவு மெட்டில்டா அப்போதே சொன்னாள்: "சார், ரெண்டு மெஷினும் டிஸ்க் தனக்கு மட்டுந்தான்னு நெனச்சு எழுதும். ஒண்ணு எழுதினது மேலயே இன்னொண்ணு எழுதிரும். ஆளுக்கொரு பாகம் பிரிச்சுக் குடுத்திரலாம்."

"பப்ளிக் செக்டார்ம்மா இது. இங்க எல்லாம் பொது," என்றார் அவர்.

விளைவு, பதினோரு வருடமாக வீட்டுக்குக் காத்திருந்த நான் ஓய்வுப் பட்டியலில் ஏறினேன். ஓய்வு பெற வேண்டிய ராமசுவாமிக்கு வீட்டுச் சாவி கிடைத்தது. சீதாராமனிடம் ஓடினேன்.

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு சார். லிஸ்ட் தப்பு."

"மெஷினுக்கு உங்க மேல என்னய்யா விரோதம்?"

மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். என் இடத்தை யாராலும் நிரப்ப முடியாது என்று சீதாராமன் பேசியபோது என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை போனால் கேட்டில் காவலாளி, "நக்கோ சாப், லிஸ்ட்ல பேர் இல்லை," என்று மறித்தான். மூன்று நாள் வெயிலில் நின்றேன். அதற்குள் மெட்டில்டா, தான் முன்பே டேப்பில் எடுத்து வைத்திருந்த பிரதியைப் போட்டு இரண்டு பட்டியலையும் மீட்டு, டிஸ்க்கையும் இரண்டாகப் பிரித்துவிட்டாள். தவறு முழுவதும் இயந்திரத்துடையது, அதிகாரிகள் எவரும் பொறுப்பல்ல என்று சீதாராமன் சுற்றறிக்கை விட்டார். சால்வையை ஸ்டோர்ஸில் ஒப்படைக்கச் சொல்லி எனக்கு ஒரு மெமோ.

அக்காவுக்கு என் ஸ்தோத்திரம். பேரப்பிள்ளைகளைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

தங்கள் அன்புள்ள,
தேவசகாயம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மெட்டில்டா வீட்டுக்கு வந்தாள். டேப் பிரதி சரிதானா என்று பழைய சர்வீஸ் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டாளாம். அதன்படி நான் போன வருடம் ஜூனிலேயே ஓய்வு பெற்றிருக்க வேண்டும். ரிஜிஸ்டரில் இருப்பது என் கையெழுத்து. அதைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குத் தேதி எழுதிக் கொடுத்தவனும் நான்தான். "இதையும் மெஷின் தப்புன்னே எழுதிரட்டுமா அங்கிள்?" என்று கேட்கிறாள். ராஜம் அவளுக்கு இரண்டாவது தோசை வைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.