பிளக்கு டிரைவர் ஓட்டிய கல்யாண பஸ்

என் ஆயுளில் என் வயிற்றெரிச்சலை மிக அதிகமாகக் கொட்டிக்கொண்ட மனிதர் விழுப்புரம் பிளக்கு டிரைவர்தான். சொந்தப் பெயர் என்னவோ, யார் கேட்டார்கள்! எஞ்சின் லேசாக இருமினால் போதும். நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றி, நுனியில் தீப்பொறி தாண்டும் இடுக்கு சரியா என்று பார்க்க உட்கார்ந்துவிடுவார்.

பார்த்துவிட்டுப் போகட்டும். ஆனால் அவர் மட்டும் பார்த்தால் போதாதாம்! பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் இறங்கி, பிளக்கை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, 'சரி' என்று சொல்லவேண்டும். ஒருவர் பாக்கி இருந்தாலும் பிளக்கு எஞ்சினுக்குள் போகாது. இந்த அக்கிரமத்தை எந்த ஊரிலாவது கேள்விப்பட்டதுண்டா?

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் அடுப்புக்கரி வாயுவில் ஓடின. என் கல்யாணத்துக்கு அப்பா போயும் போயும் இவர் பஸ்ஸைத்தான் அமர்த்தினார். பெண் வீடு திண்டிவனம். ஒன்பது மணிக்குள் முகூர்த்தம்; தப்பினால் ஆடி கழிந்துதான் அடுத்தது.

விக்கிரவாண்டி தாண்டியதும் எஞ்சின் இருமியது. பஸ் நின்றது. துண்டை விரித்துப் பிளக்குகளை வைத்து, உப்புத்தாளால் கரியைத் தேய்த்து, மெல்லிய அளவுத் தகட்டை ஒவ்வோர் இடுக்கிலும் நுழைத்து இழுத்தார். பட்டு வேட்டியும் மாலையுமாக நான் கத்தினேன்.

"யோவ், தகடு வச்சிக்கினு எங்க கண்ணு எதுக்குய்யா?"

"தகடு எவனோ ஒருத்தன் பண்ணதுங்க மாப்ளே. அவன் தப்பு பண்ணியிருந்தா?"

அப்பா பார்த்தார். சமையல்காரர் பார்த்தார். நாதஸ்வரக்காரர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். என் அத்தை, "ரெண்டாவது கொஞ்சம் அகலமா கீதுப்பா" என்று சொல்லித் தொலைத்தாள். அதை லேசாகத் தட்டிவிட்டு, எல்லாருக்கும் மறுபடி முதலிலிருந்து காட்டினார்.

நான் முறுக்கிக்கொண்டு நின்றேன். "எல்லாம் சரிதான், மாட்டுய்யா!"

"பாக்காமயே சொல்றீங்களே."

"முகூர்த்தம் போவுதுய்யா!"

"அதாங்க, ஜல்தி பாருங்க."

தலைவிதியே என்று வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பிளக்கின் இடுக்கு, பஸ்ஸே நுழையலாம் போலிருந்தது. வாயை மூடிக்கொண்டிருக்கலாம்; முடியவில்லை. "இது சரியில்ல" என்றேன்.

அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! தட்டிச் சரிசெய்தார். மறுபடியும் எல்லாரும் பார்த்தார்கள். இந்தத் தடவை முதல் ஆளாக நின்றவன் நான்தான்.

பிறகு பஸ் எங்கும் இருமவில்லை. பந்தல் வாசலில் இறங்கியபோது முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மாமனார் நேரே டிரைவர் மேல் பாய்ந்தார். "ரோட்டுல இன்னாய்யா பண்ணிக்கினு இருந்தே? இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா என் பொண்ணு கதி?"

எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ! "அவரைத் திட்டாதீங்க! சரியில்லன்னு சொன்னவன் நான்தான்!" மாமனாரோடு நான் போட்ட முதல் சண்டை, தாலி கட்டுவதற்கு முன்பே நடந்துவிட்டது.

அட்சதை போடக் கூப்பிட்டால் பிளக்கு டிரைவர் பந்தலுக்கு வெளியே தயங்கி நின்றார். "கையெல்லாம் கரிங்க."

"கரியோடவே வந்து போடுய்யா!" என்று அதட்டினேன்.

வந்து போட்டார். போட்ட கையோடு என் தோளையும் தட்டிவிட்டார். அந்தக் கரிக்கை பட்ட பட்டு அங்கவஸ்திரத்தை வெளுக்கப் போடுவதற்கு என் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் தருவதாக இல்லை.