பஸ்கா மேசைவிரிப்பை வெந்நீரில் போட்டது குறித்து

அன்புள்ள ஃபேலா அக்காவுக்கு,

கால்ஃபீல்டிலிருந்து உன் தம்பி ஹெனிக் மரியாதையுடனும் கொஞ்சம் பயத்துடனும் எழுதுவது. இங்கே நானும் என் இடது முழங்காலும் சுமார். அங்கே சிட்னியில் நீயும் உன் இரத்த அழுத்தமும் அடக்கமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படி.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அம்மாவின் பஸ்கா மேசைவிரிப்பை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன். அதுவும் வெந்நீரில். "குளிர்ந்த தண்ணீர், கையால், தனியாக" என்று அம்மா எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டிய காகிதத்தை நான் பார்க்காமல் இல்லை. ஆனால் என் மனைவி ரெனியா இருந்தவரை அந்தப் பெட்டியை என்னைத் தொட விட்டதில்லை, அவள் போனபின் இதுதான் முதல் பஸ்கா, ரொட்டித் துணுக்கு ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாதென்று அலமாரி அலமாரியாகத் துடைத்து முதுகு போய்விட்டது, துணியைக் கையால் கசக்க இன்னொரு முதுகுக்கு நான் எங்கே போவேன்? பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால் உள்ளே பீட்ரூட் சூப் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வெளியே இழுத்தேன். வெள்ளை விரிப்பு ரோஜா நிறத்தில் வந்தது. அதன் அடியில், மரத்தில் சூடு படாமலிருக்க என்று அம்மா தைத்திருந்த தடித்த உள்துணி பாதி பிரிந்து, அதற்குள்ளிருந்து சிவப்பாக ஒன்று நாக்கை நீட்டியது. பிடித்து இழுத்தேன், அக்கா. அப்பாவின் பதாகை! வார்சாவில் அவரும் அவருடைய அண்ணன்மார் மூவரும் மே தின ஊர்வலத்தில் தூக்கியது. அந்த மூவரில் ஒருவரும் மிஞ்சாமல், அப்பா மட்டும் பெட்டியில் மடித்துக் கொண்டுவந்தது. அம்மா ஒரு சண்டையில் "எரிச்சுட்டேன்" என்று சொல்லி, அப்பா சாகும்வரை எரிந்துவிட்டதாகவே நம்பிய அதே துணி. மஞ்சள் எழுத்துகூட அழியவில்லை. "நாம் வாழும் இடமே நம் நாடு." ஈரத்துணியை மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். எழுந்திருக்கத்தான் முழங்கால் விடவில்லை.

இந்த நேரத்தில் இது ஏன் கிடைக்க வேண்டும்? என் பிள்ளைகள், உன் மருமக்கள், இரண்டு பேரும் ஐந்து மாதமாகப் பேசிக்கொள்வதில்லை என்று உனக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் நீ வந்துவிடுவாய் என்ற பயம்தான். ஃப்ரேடா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஊர்வலம் போகிறாள். "நதி முதல் கடல் வரை" என்று எழுதிய அட்டையுடன். ரூவன் நம் யூத சமூகப் பத்திரிகைக்கு எழுதினான்: அந்தக் கோஷத்துக்கு நம்மைத் துடைத்தெறிவது என்றுதான் பொருள், போலந்தில் எல்லோரையும் பறிகொடுத்த என் தாத்தா இதைக் கேட்டால் நெஞ்சு வெடித்திருப்பார் என்று. அடுத்த வாரம் அதே பக்கத்தில் இவள் பதில்: அதற்குப் பொருள் அங்கே எல்லோருக்கும் விடுதலை, செங்கொடி தூக்கிய என் தாத்தா இன்று இருந்தால் என் பக்கத்தில் நடந்திருப்பார் என்று. இறைச்சிக்கடைக்காரர் இரண்டையும் கத்தரித்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். கோழி வாங்கப் போகும் என்னிடம் ஊரே வந்து, "நீங்க யார் பக்கம், ஹெனிக்?" என்கிறது. நான் கோழியின் பக்கம் என்று சொல்லித் தப்பி வருகிறேன். அவன் வந்தால் பஸ்கா விருந்துக்கு நான் வரமாட்டேன் என்கிறாள் இவள். அவள் வந்தால் நான் வரமாட்டேன் என்கிறான் அவன். ரெனியா இல்லாத மேசையில் நான் தனியாக உட்கார்ந்து, விருந்தில் பிள்ளைகள் கேட்க வேண்டிய நான்கு கேள்வியையும் எனக்கு நானே கேட்டு, நானே பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை, அக்கா.

அதனால் ஒரு பொய் சொன்னேன். இருவருக்கும் தனித்தனியே போன் செய்து, "வீடு பூரா தண்ணி, உடனே வா" என்றேன். கால் மணி நேரத்தில் இரண்டு வாளிகள் வாசலில் முட்டிக்கொண்டன.

"இவளும் வரான்னு ஏம்ப்பா சொல்லல?"

"தண்ணி எங்கப்பா?"

நான் துணியை மேசைமேல் விரித்தேன். இருவருக்கும் அப்பாவின் இத்திஷ் மொழி படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். ஃப்ரேடாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா? நாம வாழற இடமே நம்ம நாடு. தாத்தா எங்க ஆளு."

"பாட்டி இதை உள்ள வெச்சுத் தெச்சாளே, அதையும் பாரு," என்றான் ரூவன். "அவ எங்க ஆளு."

பிறகு ஐந்து மாதத்துச் சண்டையும் என் சமையலறையில் வந்து இறங்கியது. ரூவன் முதலில் கத்தினான், அப்புறம் அவன் குரல் இறங்கிவிட்டது. "அந்த வார்த்தையக் கேட்டா எனக்கு அங்க ஹைஃபால இருக்கற நம்ம சொந்தக்காரப் பிள்ளைங்க முகம்தான் வருது. பயமா இருக்கு ஃப்ரேடா."

"யாரையும் விரட்டணும்னு நான் சொல்லல. அங்க வீடு இடிஞ்சு நிக்கறவங்க முகம் எனக்கு வருது. நான் என்ன செய்ய?"

"நீ அப்படி நெனைக்கல. உன் பக்கத்துல நின்னு கத்தறவன் என்ன நெனைக்கறான்னு உனக்குத் தெரியுமா?"

"நீ எழுதினதப் படிச்சுக் கைதட்டினவன் என்ன நெனைக்கறான்னு உனக்குத் தெரியுமா?"

நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். துணியைத் தடவிக்கொண்டிருந்த ஃப்ரேடா, "இதென்னப்பா, கறை கறையா?" என்று கேட்டாள். திராட்சை ரசம், அக்கா. வருடாவருடம் அப்பாவின் கை நடுங்கிச் சிந்தி, மேல்துணி தாண்டி இறங்கியது. சரியாக அவர் உட்காரும் இடத்தில். விருந்து முடிவில் எல்லோரும் "அடுத்த வருடம் ஜெருசலேமில்" என்று சொல்லும்போது அவர் மட்டும் நாம் குடியிருந்த தெருவைக் காட்டி "அடுத்த வருஷமும் கார்ல்டன்லதான்" என்பார். அம்மா கரண்டியை ஓங்கி, "வாய மூடிட்டு சூப்பக் குடி" என்பாள். அவருடைய முழங்கைக்கு அடியில்தான் அந்தக் கொடி இருந்திருக்கிறது என்று அவர்களிடம் சொன்னேன்.

"எரிச்சிருக்கலாமே," என்றான் ரூவன் மெதுவாக.

"எரிக்கலையே," என்றாள் ஃப்ரேடா. "அதுக்கு மேலயே அவருக்கு நாப்பது வருஷம் சோறு போட்டிருக்கா." பிறகு ஐந்து மாதத்தில் முதல்முறையாக, "அண்ணா, அந்த ஓரத்தைப் பிடி, காயப் போடலாம்," என்றாள். பிடித்தான். கோஷத்தில் ஒரு எழுத்தைக்கூட இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள். ஆனால் துணியைச் சேர்ந்து பிழிந்தார்கள். இப்போது, சிவப்பு மேலேயா வெள்ளை மேலேயா என்று புதுச் சண்டை. அதைச் சண்டை போட்டுத் தீர்க்கவாவது விருந்துக்கு வருகிறார்கள்.

ஆகவே மூத்தவளான உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிரித்தே வைக்கலாமா, திரும்பத் தைத்துவிடலாமா? பதில் எழுது போதும், இந்த வயதில் விமானம் ஏற வேண்டாம். உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருட ரகசியம், அதிர்ச்சியில் உனக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது. நூற்றிருபது வயதுவரை நீ எங்களை அதட்டிக்கொண்டு நலமாக இருக்க வேண்டும்.

உன் தம்பி,
ஹெனிக்

பி.கு: தபாலில் போடுவதற்குள் காலையில் ஃப்ரேடா வந்து, காய்ந்த தையலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். மூன்று கைகள், அக்கா. ஒன்று அம்மாவின் வெள்ளை நூல். ஒன்று என் சட்டைப் பொத்தான் எல்லாவற்றையும் ரெனியா தைத்த அதே நீல நூல். மூலையில் ஒவ்வொரு தையலிலும் இரண்டு முறை பின்னால் திரும்பிவரும் பச்சை நூல். இந்த ஊரில் அப்படித் தைத்துப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள் ஒருத்திதான். ஆக உனக்குத் தெரியும். வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். நாற்பது வருடம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிட்ட எனக்குத்தான் தெரியவில்லை. மேலே எழுதியதை எல்லாம் படிக்காததாக வைத்துக்கொள். டிக்கெட் போட்டுவிட்டேன், வியாழக்கிழமை கிளம்பி வா. ரூவன் வெள்ளை நூலும் ஃப்ரேடா சிவப்பு நூலும் வாங்கி வந்து மேசையில் வைத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது.