கன்னத்தில் கீறலோடு ஒரு தானிய தெய்வம்

டென்மார்க்கின் பிராண்டே ஊர்த் தமிழர்களிலேயே ஒரு கல் மூக்குக்காக மூன்று மாதம் செலவழித்த ஒரே மனுசன் கீறல் அண்ணைதான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளத் துண்டுக்கு மட்டுமே தெரியும்.

காற்றாலைத் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசை. ஒருநாள் பழஞ்சாமான் சந்தையில் முந்நூறு வருசத்துக்கு முந்தின பரோக் காலத்து அச்சுப்படம் ஒன்றை வாங்கினார். ரோமர்களின் பெண் தானிய தெய்வம், பளிங்குச் சிலையைப் பார்த்துக் கீறியது, நிழல்கூட வெறும் கோடுகள். அதோடு ஆள் அவுட். அதைச் செப்புத் தகட்டில் உளியால் கீற, பக்கத்து நகரமான சில்க்போர்க்கில் மாலை வகுப்பில் சேர்ந்தார். கார் என்னுடையது என்பதால் நானும் சேர்ந்தேன்.

வழியெல்லாம் பாடம். "காரை நிப்பாட்டு தம்பி. உழுத வயலைப் பார். உதுதான் நிழல்."

"அண்ணை, இவவின்ர மூக்கு முடிய நான் பென்ஷன் எடுத்திடுவன்."

"எடு. அப்பத்தான் நெத்தி தொடங்குவம்."

மயிரிழை பிசகினாலும் தகட்டை எறிந்துவிடுவார். நான்காவது தகட்டில் தெய்வம் முழுதாக வந்தது. கண்மணிகள் மட்டும் இல்லை. சிலைக்குக் கண்மணி கிடையாது, இப்படியே விடலாம் என்றார் டீச்சர் கிர்ஸ்டன்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "தெய்வத்துக்குக் கண் கடைசியாத்தான் திறக்கிறது. அக்கா போன் எடுக்கட்டும்."

அது வன்னியில் சண்டை முடிந்துவிட்டதென்று செய்தி வந்த கிழமை. அங்கிருந்த அவருடைய அக்காவிடமிருந்து ஐந்து கிழமையாக ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த வகுப்பில், காதோரச் சுருள்முடிக் கோடுகளை இன்னும் ஆழமாக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. உளி வழுக்கி, தெய்வத்தின் கன்னத்தில் நீளமாக ஒரு கோடு.

"தம்பி, நான்தான். முகாமில நிக்கிறன்." அந்தக் குரல் எனக்கே கேட்டது.

ஒரு கோட்டைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைக்கிற மனுசன், "ஓம் அக்கா... ஓம்... ஓம்" என்பதைத் தவிர மற்றத் தமிழையெல்லாம் மறந்துபோனார்.

போனை வைத்ததும் அளவுகூடப் பார்க்காமல் இரண்டு கண்மணிகளையும் வைத்தார். ஒன்று லேசாக மாறுகண்.

கன்னத்துக் கோட்டைத் தேய்த்து அழித்துவிடலாம் என்று கிர்ஸ்டன் கருவியோடு வந்தார். அண்ணை தகட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். டீச்சருக்குத் தமிழ் தெரியாது என்பதே அவருக்கு நினைவில்லை.

"தொடாதையுங்கோ. அது அக்கா கூப்பிட்ட இடம்."

அதன் அச்சுப் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. சட்டம் போட்ட கடைக்காரர், கன்னத்தில் ஏதோ பழுது, சரிசெய்து தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.