க்ளாசெட்டுக்குள் ஒரு மரணக் காட்சி

பிளானோ, டெக்சஸ்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை நாகரத்தினம் அவர்களுக்கு, மைத்துனன் பசுபதி எழுதிக்கொண்டது. இங்கே என் மானத்தைத் தவிர எல்லோரும் சௌக்கியம். தங்கையும் பிள்ளைகளும் உங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

திருச்சி வானொலி நாடகங்களில் நான் ஆயுசு முழுக்கத் தபால்காரனாகவும் கூட்டத்தில் ஒருவனாகவும் "கார் ரெடி எஜமான்" சொன்னவனாகவுமே இருந்தேன் என்று கல்யாண வீடு தவறாமல் சொல்லிச் சிரிப்பீர்கள். உண்மைதான், ஒரு வேஷத்துக்குக்கூடப் பெயர் கிடையாது. அப்படிப்பட்டவனைப் பக்கத்து ஊரான ஆலனில் இணைய வானொலி நடத்தும் ப்ரியம்வதா கூப்பிட்டு, "அங்கிள், ஒரு அப்பா கேரக்டர். பேரு வேலாயுதம். நாலு பக்கம் பேசிட்டுத்தான் சாவாரு, பண்றீங்களா?" என்றால் கண் கலங்காதா?

வீட்டிலேயே போனில் ரெக்கார்ட் செய்ய வேண்டும், எதிரொலி கூடாது என்றாள். மகன் முகுந்தும் மருமகள் யாமினியும் ஆபீஸ் போனதும், யாமினி துணிமணி மாட்டிவைக்கும் க்ளாசெட் அறைக்குள் பட்டுப்புடவைகளுக்கு நடுவே உட்கார்ந்து சாக ஆரம்பித்தேன். "ஐயோ நெஞ்சு... மகளே!" என்று நான் முனகியது திறந்திருந்த படுக்கையறை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மாளுக்குக் கேட்டு, அவள் அவசர உதவி எண் 911-க்கும் யாமினிக்கும் போன் செய்து, யாமினி ஓடிவந்து கதவைத் திறந்துவிட, ஆம்புலன்ஸ்காரன் ஒருவன் க்ளாசெட்டைத் திறந்து, "சார், ஆர் யூ ஓகே?" என்றான். கடைசி வசனம் பாக்கி இருந்ததே மாப்பிள்ளை! உதட்டில் விரலை வைத்து, "ஒன் மினிட், ஐ ஆம் டையிங்" என்றேன். பின்னால் நின்ற யாமினி, "மாமா!" என்று அலறிய அலறலில் ரெக்கார்டிங் பாழ். சொல்லச் சொல்லக் கேட்காமல் என்னை ஸ்ட்ரெச்சரில் கட்டித் தெரு முழுக்கப் பார்க்கக் கொண்டுபோனார்கள்.

"அப்பா, இனிமே நடிப்பு கிடிப்புன்னு ஆரம்பிச்சீங்க, ஃப்ளைட் ஏத்தி விட்டுருவேன்" என்றான் முகுந்த். அதுகூடப் பரவாயில்லை. காபி கொடுத்த யாமினி என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தபோதுதான் நான் ஆடிப்போய்விட்டேன். நடிப்புக்கு முழுக்கு. ஊருக்கே வருகிறேன், மாடி அறையைக் கொஞ்சம் ஒழித்து வையுங்கள். தங்கைக்கு என் ஆசி, பிள்ளைகளுக்கு முத்தம், உங்களுக்கு மட்டும் நமஸ்காரம்.

இப்படிக்கு,
பசுபதி

பி.கு.: அறையை ஒழிக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்டு அந்த ரெக்கார்டிங்கை அனுப்பினேன். "அங்கிள், அலறுனது யாரு? இந்தக் குரலைத்தான் தேடிட்டிருந்தேன்!" என்று ப்ரியம்வதா துள்ளிவிட்டாள். இப்போது யாமினி க்ளாசெட்டுக்குள் கதறிக்கொண்டிருக்கிறாள். முகுந்த் வாசலில் நின்று பக்கத்து வீட்டு அம்மாளிடம், "ஜஸ்ட் ரேடியோ, ஜஸ்ட் ரேடியோ" என்று கெஞ்சுகிறான். அவளுக்கு மகள் வேஷம்; கதையை அந்த மகளுக்காகத் திருத்தியதில் வேலாயுதம் நாடகம் தொடங்கும் முன்பே செத்துவிடுகிறார். எனக்குக் கதவு தட்டும் வேஷம். வசனம் கிடையாது. ஆனாலும் துக்க வீட்டுக் கதவு, சும்மா தட்டிவிட முடியுமா? காலையிலிருந்து தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.